மாமனார் கத்தியும் மூன்று கடிதங்களும்

எங்கள் அலுவலக நடைமுறையில் ஒரு விதி உண்டு. ஒருவர் செய்த வேலையில் குறை காண்பவர், அதை எழுத்தில், கையொப்பமும் தேதியும் இட்டுத் தர வேண்டும். குறை சொல்லப்பட்டவருக்கு விளக்கமளிக்கப் பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன எதையும் பொருட்படுத்தக் கூடாது. என் பணிக்காலம் முழுவதும் இந்த விதியின் கீழ் சுகமாக இருந்தேன். என் வேலையில் குறை கண்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். எழுதித் தரத் துணிந்தவர் எவருமில்லை. ஆகவே, பதிவேடுகளின்படி என் வேலையில் குறையே இல்லை.

விதி செல்லாமல் போன ஒரே இடம், மதுரையில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த முடிதிருத்தும் கடை.

எழுபதுகளின் கடைசியில் பழைய சவரக் கத்திகளைப் பழுதுபார்க்கும் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. பிளேடு மாட்டுகிற வகையல்ல. பிடிக்குள் மடங்கும், தோல்வாரில் தீட்டும் முழுக் கத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இரும்புக் கடைகளைக் கிளறி எடுத்து வருவேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, உடைந்த பிடிக்குப் பதிலாக எருமைக் கொம்பில் புதிது செய்து போடுவேன். முடித்ததை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று காட்டுவேன். விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. "முகம் பார்க்கலாம் சார்" என்பார்கள். பார்க்கவும் செய்தார்கள். எவரும் அதில் முகம் வழித்துப் பார்க்கவில்லை. நான் பரிசாகக் கொடுத்த ஒன்றை ஒருவர் கோப்புக் கட்டுகளின் சணலை அறுக்க வைத்திருந்தார். சணல் அறுபடவில்லை என்பதையும் அவர் எழுத்தில் தரவில்லை.

முடிதிருத்தும் கடைக்காரர் என் வயதுக்காரர். ஒன்றுவிட்டொரு நாள் அவரிடம்தான் எனக்குச் சவரம். ஒரு நாள் அவருடைய நல்ல கத்தி கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. விளிம்பில் ஒரு குருணையளவு பெயர்ந்துவிட்டது.

"கல்லுல ரெண்டு நாள் இழைச்சாச் சரியாப் போகும் சார்" என்றார்.

"என்கிட்டக் குடுங்கண்ணே. புதுசாக்கித் தாரேன்."

"புதுசாக்க வேணாம் சார். எங்க மாமனார் கத்தி. பழசாவே இருக்கட்டும்."

மாசி சிவராத்திரிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய குடும்பம் அன்று குலதெய்வக் கோயிலில் கூடும். பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்கும். மாமனார் காலத்திலிருந்து அழைப்பு இவர்களுக்குத்தான், அதுவும் இந்தக் கத்தியோடுதான்.

"பச்சை மண்டை சார். தாய்மாமன் மடியில பிள்ளை திமிறும். ஒரு பொட்டு ரத்தம் வந்துச்சுன்னா அம்புட்டுத்தான், அடுத்த வருசம் வேற ஆளக் கூப்பிட்டுருவாங்க. கடைக் கத்தியெல்லாம் அங்க ஆகாது."

இவ்வளவு சொன்ன பிறகும் கத்தியை என்னிடம் கொடுத்தார். அவர் நாற்காலியில் உட்காருபவர்களில் பாதிப் பேர் என் பிரிவு ஆட்கள். அவரால் எப்படி மறுக்க முடியும்?

பெயர்ந்த இடத்தைக் கல்லில் முறைப்படி இழைத்துச் சரிசெய்தேன். கொம்பில் பிடி போட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் எனக்குப் பித்தளைப் பாத்திரங்களுக்கு மெருகேற்றும் ஒரு பட்டறையின் அறிமுகம் கிடைத்திருந்தது. மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரம். அதில் கத்தியை அழுத்திப் பிடித்தேன். இரும்பு பளபளவென்று வந்தது. விளிம்பை ஒட்டி மயில் கழுத்துப் போல் ஒரு நீலம் படர்ந்தது. கொஞ்ச நேரம் ரசித்தேன். பிறகு, கறை என்று நினைத்து, அதையும் தேய்த்துத் துடைத்துவிட்டேன்.

எங்கள் பதிவேடுகளில் ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடிட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும், பழைய எண் கீழே தெரிய வேண்டும். ரப்பர் வைத்திருந்ததற்காக ஒரு எழுத்தரிடம் நான் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

சிவராத்திரிக்கு ஐந்து நாள் முன்பு கத்தியை ஒப்படைத்தேன். கடையில் வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர் முறைக்குக் காத்திருந்தார். முடிதிருத்துபவர் கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்து, கை மயிரில் வைத்துப் பார்த்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து நுரை போட்டார். இடது கன்னம் முடிவதற்குள் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் கத்தியை மடக்கினார்.

"கத்தி செத்துப் போச்சு சார்."

"என்னண்ணே சொல்றீங்க? முகம் தெரியுது பாருங்க!"

"முகம் தெரியுது. மயிரு தெரியலையே அதுக்கு" என்றார் வெற்றிலைக் கடைக்காரர். "அண்ணே, கண்ணாடிக்குப் பதிலா அதச் செவுத்துல மாட்டுங்க."

"சூடு ஏறியிருக்கு சார். சூடு தின்ன இரும்புல முனை நிக்காது. எதுவரைக்கும் ஏறுச்சுனு தெரிஞ்சா அதுவரைக்கும் இழைச்சு எடுத்துரலாம். நெறம் மாறியிருக்குமே, பாத்தீகளா?"

"எந்த நிறமும் மாறவில்லை" என்று சொன்னேன். ஒரு முழுப் பொய்யை இலக்கணச் சுத்தமாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"சரி, உக்காருங்க. மிச்சத்த வேற கத்தியில வழிச்சு விடுறேன்."

"குறை இருந்தா எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் வழித்த முகத்தோடு சாலையைக் கடந்தேன்.

அன்று மாலை வரை அலுவலகத்தில் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கத்திகளுக்கு எனக்குக் கிடைத்துவந்த பாராட்டின் தரம் அன்றே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பொருள்: கத்தி குறித்த தங்கள் வாய்மொழிக் கருத்து. (அ) கத்தி செத்துவிட்டது என்பதற்கு ஆதாரம் யாது? (ஆ) ஒப்படைக்கப்பட்டபோது அது உயிருடன் இருந்ததற்குச் சான்று உண்டா? (இ) மூன்றாம் நபர் முன்னிலையில் கருத்துத் தெரிவித்ததன் காரணம் என்ன? பதினைந்து நாளுக்குள் பதில் தேவை. நாற்பது அடி தூரத்திலிருந்த கடைக்கு அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது தலைமைத் தபால் நிலையம் வரை போய்த் திரும்பி வந்து கடையில் சேர்ந்தது. ஒப்புகை அட்டையில் அவர் கையெழுத்து இருந்தது. பதில் இல்லை. கெடு முடிந்த மறுநாள், நடைமுறைப்படி, நினைவூட்டுக் கடிதம் ஒன்று போட்டேன். அதற்கும் இல்லை. வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு, அந்தக் கடைப் பக்கம் திரும்பாமல் நடந்தேன்.

இதற்கிடையில் சிவராத்திரி வந்து போயிருந்தது. என் பிரிவு எழுத்தர் ஒருவர் அந்த உசிலம்பட்டிக் குடும்பத்துப் பிள்ளை. என்ன நடந்தது என்று அவரிடம் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இரவல் கத்தி வாங்கியாந்திருந்தாரு சார், திருமங்கலத்துல சொந்தக்காரர்கிட்ட. கைக்குப் பழகாத கத்தி. எங்க அண்ணன் மகனுக்குக் காதுக்குப் பின்னால கீறிருச்சு. மடியில வச்சிருந்த தாய்மாமன் கத்துன கத்து இருக்கே! பெரியப்பா, 'எங்கய்யா ஒம் மாமனார் கத்தி?'னு கேட்டாரு. 'எங் கையில இருந்து விழுந்து கெட்டுப்போச்சு'ன்னாரு. அடுத்த வருசம் வேற ஆளப் பாக்கலாமானு பேசிக்கிறாங்க சார்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல சார்."

என் பெயர் வரவில்லை. சந்தைக்கூட்டம் போலிருந்த அந்த இடத்தில், என்னைக் காட்டிக் கொடுத்துத் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு வாக்கியம் போதும். அவர் அதைச் செலவழிக்கவில்லை.

மூன்றாவது கடிதத்தை அன்றே எழுதினேன். முந்தைய இரு கடிதங்களும் ரத்து செய்யப்படுகின்றன. கத்தி கெட்டது உங்கள் கையிலிருந்து விழுந்ததால் அல்ல. அந்தப் பழுது சரியாகிவிட்டிருந்தது. என் கையில், மெருகுச் சக்கரத்தில், அது வெந்தது. நீலம் படர்ந்ததைப் பார்த்தேன், துடைத்தேன், நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன். நீலம் நடுவில் ஒரு நெல் அகலம், நுனிப்பக்கம் ஒன்றரை நெல் அகலம் இருந்தது. படம் இணைக்கப்பட்டுள்ளது. கீழே வழக்கம்போல் ஒரு வரி: நகல், உசிலம்பட்டிக் குடும்பத்துப் பெரியவருக்கு, தகவலுக்காக. அந்த நகலை எழுத்தர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அவர் அதைப் பேருந்தில் படித்துவிட்டார் என்பது மறுநாள் அலுவலகம் எனக்கு வணக்கம் சொன்ன விதத்தில் தெரிந்தது.

சித்திரை போனது, வைகாசி, ஆனி போயின. இம்முறை நான் நினைவூட்டு அனுப்பவில்லை. கடைசியில் பென்சிலில் எழுதிய ஒரு தபாலட்டை வந்தது.

"சார் அவர்களுக்கு. நுனியில் நீங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வெந்திருந்தது. கையாலேயே இழைத்தேன். இப்போது நல்ல இரும்பு வந்துவிட்டது. கத்தி இளைத்துவிட்டது, ஆனால் முனை நிற்கிறது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு வரும் சிவராத்திரிக்குச் சொல்லிவிட்டுப் போனார். பிடி நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். இனிமேல் பிடி மட்டும் போடுங்கள்."

கையொப்பம் இருந்தது, தேதியும் இருந்தது. தபாலட்டை என் கைக்கு வந்தது ஆடிப் பதினெட்டு அன்று.