அவர் என்னையும் அளந்தார்

மலேசியாவில், ஜொகூரின் ஒரு தீம் பார்க்கில், பறக்கும் படகு ராட்டினத்தின் வாசலில் நின்றவர் அவர். தொப்பிக்கடியில் ஈரத்துண்டு. சிரிப்பு மறந்த முகம். பிள்ளைகளின் உயரம் பார்க்கும் கோலைத் தரையில் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் யாரையும் அளப்பார்.

என் பிள்ளைகள் இருவருக்கும் புது மொட்டை. கோலில் சந்தனம் ஒட்டியது. அவர் துடைக்கவில்லை. இருவருக்குமே தனியாக ஏற உயரம் போதவில்லை.

“பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு பிள்ளதான் லா. பின்னாடி ஆள் வர்றாங்களா?”

“இல்லண்ணே. நான் மட்டுந்தான்.”

சின்னவளோடு ஏறினால் பெரியவனை எங்கே விடுவது? விழித்துக்கொண்டு நின்றேன். அவர் கோலைப் பெரியவன் கையில் கொடுத்தார்.

“நீ என்கூட நின்னு அளந்து விடு.”

சின்னவளோடு ஏறி இறங்கினேன். பிறகு கோல் அவளிடம் போனது, பெரியவனோடு ஏறினேன்.

நன்றி சொல்லிக் கிளம்பியபோது மறித்தார்.

“இப்ப நீங்க ஏறுங்க.”

“நான்தான் ரெண்டு தடவ ஏறிட்டேனே?”

“அது பிள்ளைங்களுக்கு.”

கோலைத் தரையில் தட்டி, என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். “உயரம் போதும். ஏறலாம்.”

கேலியா, இரக்கமா, காலிப் படகை ஓட்ட மனமில்லையா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலே போனதும், பிடித்துக்கொள்ளப் பிள்ளை இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று புரியாமல் தவித்தேன். கீழே இரண்டு மொட்டைகளும் ஒரு தொப்பியும் என்னை அண்ணாந்து பார்த்தன.

அப்போதுதான் கத்தினேன். பயத்தில் கத்தினேனா, சந்தோஷத்திலா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.