ஏழு வீட்டு மாடு

எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்த வீட்டில் மீன் பொரித்தால் அந்த வீட்டில் இருமுவார்கள். அவ்வளவு நெருக்கத்தில் ஒரு வாயில்லாச் சீவன் தண்ணியில்லாமல் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? கல்முனையில், எண்பதுகளின் தொடக்கத்தில், என் கண்ணால் கண்டது.

மிருகத்தை வதைப்பதை அங்கே யாரும் ஒரு குற்றமாக எடுத்ததில்லை. வாசலுக்குள் தலை நீட்டிய நாய்க்குக் கொதிதண்ணி. சந்தையில் இலை பொறுக்கும் மாட்டுக்குக் கையில் அகப்பட்டதை எடுத்து அடி. நெல் மூடை ஏற்றிய வண்டி மணலில் புதைந்தால் மாட்டின் வாலை முறுக்குவார்கள். "என்னத்துக்கு அடிக்கிறீங்க?" என்று கேட்டால், "உங்களுக்கு எங்க நோகுது புள்ள?" என்பார்கள். நொந்தது. திருப்பிக் கதைத்தேன். வாய்க்காரி என்ற பேர் அப்படித்தான் எனக்கு வந்தது.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏழு வீடு சேர்ந்து நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒரு மாடு வாங்கினோம். ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேர்ந்து அல்லாஹ்வுக்காக அறுத்துக் குர்பான் கொடுக்கலாம். உம்மாவுக்கு அதுதான் முதல் குர்பான். எத்தனையோ வருஷத்து ஆசை. மாட்டின் நெற்றியைத் தடவி, "என்ட றப்பே, இத கபூலாக்கு, ஏத்துக்க" என்று அழுதா. ஒழுங்கை முடிவில் வெறும் வளவொன்றில் தென்னையோடு கட்டிவிட்டு ஆண்கள் கடைகளுக்குப் போனார்கள்.

கச்சான் காற்று நெருப்பாக அடித்த காலம். மாடு பகல் முழுக்கக் கத்தியது. "கூட்டத்த உட்டு வந்த மாடு, அப்பிடித்தான் கத்தும்" என்றா உம்மா. அடுத்த நாள் சத்தமில்லை. "இப்ப பழகிட்டு" என்று பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலால் சந்தோஷப்பட்டா.

அன்றைக்கு, பெருநாளுக்கு முதல் நாள் பிடிக்கிற அறபா நோன்பு. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் உம்மா ஒரு மிடறு தண்ணி குடித்து, "அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் உசிரு வந்த" என்றா.

"உம்மா, மாட்டுக்கு ஆரு தண்ணி வெச்ச?"

"ஏன், மத்த ஆறு வீடு இரிக்கே புள்ள."

சுவருக்கு மேலால் மாமியைக் கேட்டேன். "நீங்க வெச்சிருப்பீங்க எண்டெல்லோ நெனச்சன்!"

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கயிறு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் குறுகி, கழுத்தை இழுத்தபடி மாடு விழுந்து கிடந்தது. அவிழ்த்துவிட்டு வாயில் தண்ணி ஊற்றினேன். கடைவாயால் வழிந்து மணலில் போனது. "நீங்களெல்லாம் மனிசரா?" என்று நான் போட்ட கூச்சலில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு வாளி வந்தது. மாடு எதையும் குடிக்கவில்லை.

இப்போதே அறுத்துவிடுவோம் என்றார் ஒருவர். இப்ப அறுத்தால் வெறும் இறைச்சிதான், பெருநாள் தொழுகைக்குப் பிறகு அறுத்தால்தானே குர்பான் என்றார் இன்னொருவர். விடியட்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த நிலையிலும் மாடு படும் வேதனையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன்னமே அது செத்துப்போயிற்று. பள்ளியில் பெருநாள் தக்பீர் முழக்கம் கேட்டுக்கொண்டிருக்க, ஆண்கள் அதே வளவில் குழி வெட்டினார்கள்.

உம்மா புதுப் புடவை உடுக்கவில்லை. குசினி வாசலில் குந்தியிருந்தா. மாமி வந்து கையைப் பிடித்து, "கவலப்படாதீங்க, உங்கட நிய்யத்துக்கு, மனசால நெனச்சதுக்கு, அல்லாஹ் கூலி தருவான்" என்றா.

உம்மா கையை இழுத்துக்கொண்டா.

"என்ட கூலி கிடக்கட்டும். நேத்து நான் நிய்யத்து வெச்சி நோன்பு புடிச்சன். அந்த மாட்ட நோன்பு புடிக்க வெச்ச ஆரு?"