படிக்காதவருக்கு ஒரு மதிப்பெண்

குடியை விட்டு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. பேருந்து ஓட்டுநர் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட வேண்டுமானால், மறுவாழ்வு மையம் வைக்கும் ஞாபகசக்திச் சோதனையில் முப்பதுக்கு இருபத்தாறு வாங்கியாக வேண்டும். தவறினால் டெப்போவில் வண்டி கழுவும் வேலைதான்.

பக்கத்து நாற்காலியில் மனைவி, பிள்ளையைப் பரீட்சைக்குக் கூட்டிவந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். அவர் கட்டம் வரைந்தார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தார், எழுபத்தொன்பதில் வியர்த்தது. நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் இரண்டு நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயின.

சோதனை எடுத்த அம்மாள் கூட்டிப் பார்த்தார். இருபத்தைந்து.

"ஒண்ணு குறையுது சார். எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"டிகிரி," என்றாள் மனைவி, அவர் வாய் திறக்குமுன்.

"அப்படியா? பன்னிரண்டாவது தாண்டலன்னா ஒரு மார்க் சேர்த்துப் போடலாம். அதான் விதி."

அறியாமைக்குப் பரிசு தரும் இடங்கள் உலகில் ஏராளம். அதை விதியாகவே எழுதிவைத்த நேர்மை அபூர்வம்.

பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தோடு தேடிவந்த மாலைகளில்தான் ஓட்டுநர் முதன்முதலில் மதுக்கடைப் பக்கம் ஒதுங்கினார். டிகிரிப் பொய்க்கு வயது பதினெட்டு.

"நான் ஒன்பதாவது ஃபெயில் மேடம்."

மனைவி பதறிப்போனாள். "பாத்தீங்களா! பட்டம் வாங்கினதையே மறந்துட்டாரு! வீட்ல கறுப்பு அங்கியோட போட்டோ மாட்டியிருக்கு மேடம்!"

அம்மாளின் பேனா நின்றது. "மறதி இந்த அளவுக்குன்னா, இருபத்தஞ்சே சந்தேகம்தான்."

"மறதி இல்ல மேடம்!" என்றார் ஓட்டுநர். "அது ஸ்டுடியோக்காரன் அங்கி. குடைத்துணி. எங்க கல்யாணம் பேசறதுக்கு ரெண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை எடுத்தது. முதுகுப்பக்கம் துணி பத்தல, நாலு ஊக்கு குத்தினான். கையில சுருட்டிப் பிடிச்சிருக்கிறது காலண்டர் தாள், அதுவும் அதுக்கு முந்தின வருஷத்தது."

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"சிரிப்பில்லடி. நாலாவது ஊக்கு கழுத்துல குத்திருச்சு."

அம்மாள் ஒன்றைக் கூட்டி இருபத்தாறு என்று எழுதினார். "ஞாபகம் பிரமாதம்," என்று முத்திரை குத்தி, டெப்போவுக்கான கடிதத்தை நீட்டினார்.

ஓட்டுநர் எழுந்தார். மனைவி எழவில்லை. நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் அந்தச் சோதனையை எடுங்க மேடம். பதினெட்டு வருஷமா அந்தக் காலண்டர் தாளைத் தூசு தட்டி, என் பிள்ளைங்ககிட்ட 'அப்பா மாதிரி படிங்கடா'ன்னு சொல்லியிருக்கேன்."