அதைப் படிக்காதீங்க சார், மூடிடுங்க

அலுவலகத்தில் அவரை 'ரீஸ்டார்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஒரு இன்டர்நெட் கம்பெனியின் குறைகேட்கும் பிரிவில், காதில் ஹெட்போனும் வாயில் நான்கே நான்கு வாக்கியங்களுமாகப் பதினோரு வருஷம் உட்கார்ந்தவர். "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." "பச்சை லைட் எரியுதா சார்?" "வயரைக் கழற்றி மறுபடி மாட்டுங்க சார்." நான்காவதுதான் அவருடைய சொந்தச் சரக்கு. மறுமுனையில் இருப்பவர், "ஸ்க்ரீன்ல என்னமோ எழுதி வருதுங்க, படிக்கட்டுமா?" என்று ஆரம்பித்தால் போதும், பாதியிலேயே வெட்டுவார்: "அதைப் படிக்காதீங்க சார், மூடிடுங்க."

இதில் ஞானம் இருக்கிறது. படிக்க விட்டால் ஒரு அழைப்பு ஒன்பது நிமிஷம் இழுக்கும். மூடச் சொன்னால் நான்கில் ஆள் போய்விடுவார். பிரச்சினை போகாது, ஆள் போய்விடுவார். மேலிடத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாததால், ரீஸ்டார்ட்டின் நான்கு வாக்கியங்களையும் அவர் சொல்லும் வரிசையிலேயே அச்சடித்து எல்லா மேசையிலும் ஒட்டிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வராமல் போகுமா? போனது. அதுவும் எந்த நாளில் என்று கேளுங்கள்.

அவர் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே டைப்பிஸ்ட். மகள் பிறந்ததும் வேலையை விட்டார். "ஆறு மாசம்தானே" என்று விட்டது ஒன்பது வருஷமாக நீண்டுவிட்டது. இப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் ஓர் இடம் காலியாக, விண்ணப்பித்த முந்நூறு பேரில் பன்னிரண்டு பேரைத் தேர்வுக்கு எடுத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டில் அவரும் ஒருவர். வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. இதை விட்டால் அடுத்தது இல்லை. தேர்வு வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டர் வழியாக. போனில் எழுத முடியாது. காலை பதினொரு மணிக்கு ஆரம்பம், பதினொன்று பத்துக்குக் கதவு சாத்திவிடுவார்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

"நீ டைப் பண்றதை மட்டும் பார்த்துக்கோ. டெக்னிக்கல் சைடு நான் இருக்கேன்ல?" என்று ரீஸ்டார்ட் அன்றைக்கு லீவே போட்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பத்தரைக்கு மனைவி தலை வாரி, வெளியூர் கிளம்புகிறவர் மாதிரி புடவையெல்லாம் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தார். மருத்துவமனை அனுப்பிய முகவரியை அழுத்தினார்.

பக்கம் திறக்கவில்லை. நடுவில் ஒரு பெட்டி வந்தது. பின்னால் நின்ற ரீஸ்டார்ட்டின் கை, மூளையைக் கேட்காமல் நீண்டு, மௌஸைப் பிடித்து, பெட்டியை மூடியது.

"என்னங்க போட்டிருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ நகரு."

மோடத்தை அணைத்துப் போட்டார். பச்சை லைட் எரிந்தது. கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டார். பெட்டி வந்தது. மூடினார். தன் போனை எடுத்துப் பார்த்தார். அதே மோடம், அதே இன்டர்நெட், போனில் ஒரு பூனை கண்ணாடியைப் பார்த்துக் குதிக்கும் வீடியோ அட்டகாசமாக ஓடியது. ரீஸ்டார்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனுக்கு வருகிறது, கம்ப்யூட்டருக்கு வரவில்லை! பதினோரு வருஷத்தில் இதே புலம்பலைப் பல்லாயிரம் பேர் அவரிடம் புலம்பியிருக்கிறார்கள். அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தார்.

"மணி பத்து ஐம்பதுங்க."

"தெரியும்."

"நேத்து மத்தியானம் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்கதானே செக் பண்ணி சூப்பர்னீங்க?"

"ஏம்மா, நடுவுல நடுவுல பேசாத. இது டெக்னிக்கல்."

பத்து ஐம்பத்து மூன்றுக்கு அவர் வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தன் கம்பெனியின் குறைகேட்கும் எண்ணுக்குத் தானே போன் போட்டார். பக்கத்து சீட்டுப் பெண்ணே எடுத்தது பெரிய அதிர்ஷ்டம் என்று முதலில் நினைத்தார்.

"வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஏம்மா, நான்தான். ரீஸ்டார்ட்."

"ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்களா, நல்லது சார். பச்சை லைட் எரியுதா சார்?"

"அட, குரல் தெரியலையா? உன் பக்கத்து சீட்டும்மா!"

அந்தப் பெண் குரலைத் தணித்தாள். "தெரியுது சார். கால் ரெக்கார்டு ஆகுது, நான் வரிசை மாறிப் பேசினா மார்க்கு போயிடும். நீங்கதானே சார் வரிசையே போட்டீங்க?" பிறகு குரலை உயர்த்தி, "வயரைக் கழற்றி மறுபடி மாட்டுங்க சார்."

மோடம் மேசைக்கு அடியில், சுவர் ஓரமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ரீஸ்டார்ட் முழங்காலிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். உள்ளே, ஒன்பது வருஷத்து ஒட்டடையும் மகள் தொலைத்த ஒரு செருப்பும் இருந்தன. வயரைக் கழற்றினார், மாட்டினார். தலையை மேசையில் இடித்துக்கொண்டார்.

"மாட்டிட்டேன். வரலை. ஸ்க்ரீன்ல என்னமோ ஒரு பெட்டி வருதும்மா, அதுல..."

"அதைப் படிக்காதீங்க சார், மூடிடுங்க."

ரீஸ்டார்ட்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருஷமாகத் தன் வாயிலிருந்து புறப்பட்டுப் போனது, முதல் முறையாக எதிர்த் திசையில் வந்து காதில் இறங்கியது. அது இவ்வளவு திமிராக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். அதற்குள் அழைப்பை முடித்திருப்பார்.

"மூடச் சொல்றா," என்றார் அடியிலிருந்து, ஈனக் குரலில்.

"மூட மாட்டேன்," என்றார் மனைவி மேலிருந்து. எதையும் எழுத்து விடாமல் படித்து அடித்துப் பழகிய பெண். அரைமணி நேரமாக ஒரு வாக்கியத்தை முழுசாகப் பார்க்க விடாத மனுஷன் மேல் கொதித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கே காது கேட்கும்படி படித்தார்: "உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது. இணைய, உங்கள் கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யவும்."

மேசைக்கு அடியில் மறுபடி தலை இடிபடும் சத்தம் கேட்டது.

"என்னங்க, கீழ மூலையில தேதி மூணு வருஷம் முந்தி காட்டுது! மூணு வருஷம்! யாரு மாத்துனா?"

"அது... நேத்து சாயங்காலம்... உன் டைப்பிங் பழகுற புரோகிராம், முப்பது நாள் ஃப்ரீ முடிஞ்சுதுன்னு நின்னுபோச்சுன்னியே?"

"ஆமா, நீங்க சரி பண்ணிட்டேன்னீங்க."

"தேதியைப் பின்னாடி தள்ளி வச்சா, அது ஏமாந்து மறுபடி ஓடும். அதான்..."

மனைவி அதிர்ந்துபோனார். நேற்று ராத்திரி அந்தப் புரோகிராமில் இரண்டு மணி நேரம் பழகினாரே, இவர் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டே! பழகுவதற்காகச் செய்த தந்திரம் தேர்வுக்கே கதவைச் சாத்தியிருந்தது. மருத்துவமனையின் பக்கம் இந்த வருஷத் தேதி போட்ட தன் அடையாளச் சீட்டை நீட்டியதும், மூன்று வருஷம் பின்னால் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர், 'இது இன்னும் பிறக்கவே இல்லையே' என்று உள்ளே விட மறுத்திருக்கிறது. பாவம், அதையும் பெட்டி போட்டுச் சொல்லியும் பார்த்திருக்கிறது.

அழுவதற்கு நேரமில்லை. மணி பதினொன்று ஏழு. தேதியின் மேல் மௌஸை வைத்து அழுத்தினார். வந்ததையெல்லாம் ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'தேதியைச் சரிசெய்' என்று இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, இன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டார். மருத்துவமனை முகவரியை மறுபடி அழுத்தினார்.

திறந்தது. அதுவும் எப்படி? 'காத்திருக்கவும்' என்றெல்லாம் மரியாதை பார்க்காமல், நேராகக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் திரை முழுக்க வந்து, "வணக்கம். கடைசி ஆள் நீங்கதான். கேமராவைத் திருப்பி ரூமைக் காட்டுங்க," என்றார்.

ரீஸ்டார்ட் மேசைக்கு அடியில் உறைந்தார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வெளியே வந்தால் திரையில் தெரியும். வராவிட்டால் மூச்சு வாங்குவது கேட்கும். மனைவி வயரோடு கேமராவைக் கையில் எடுத்து, சுவர், ஜன்னல், கட்டில், கதவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"மேசைக்கு அடியில?"

ரீஸ்டார்ட் அடியிலிருந்து தலையை ஆட்டி, உதட்டில் விரல் வைத்து, 'ஒண்ணுமில்லன்னு சொல்லு' என்று கண்ணாலேயே கெஞ்சினார். மனைவி அவரைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, கேமராவை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"மேடம், அடியில என் வீட்டுக்காரர் இருக்காரு."

திரையில் இருந்த அம்மாளின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "அங்க என்ன பண்றாரு?"

"இன்டர்நெட் சரி பண்றேன்னு போனாரு."

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு மேடம். நான் பண்ணிட்டேன். அவர் இன்னும் வெளிய வரலை, அவ்வளவுதான்."

ரீஸ்டார்ட்டின் தோளில் இருந்த போன், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்று கேட்டது. அந்த அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தது, தோள் குலுங்கியதில் தெரிந்தது. "சரி, அவரை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்துங்க. நான் பார்த்துட்டே இருப்பேன்."

தலைமுடியில் ஒட்டடையோடு, முழங்காலால் நகர்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டு, ரீஸ்டார்ட் வெளியேறினார். கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே விசைகள் பொரியத் தொடங்கின, தகர ஷெட்டில் மழை விழுவது மாதிரி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி இவ்வளவு வேகம் என்று அவருக்குத் தெரியாது. வாயைப் பிளந்தபடி நாற்பது நிமிஷம் நின்றார்.

கதவு திறந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு வார்த்தை. அங்கேயே சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை சேரணும்."

"தப்பு?"

"ரெண்டு. ரெண்டும் நீங்க வெளிய நின்னு தும்முனப்ப."