வசந்தகோகிலத்தின் நெஞ்சுக்குள் குடியிருந்தவன்

“உன் நெஞ்சுக்குள்ள குந்தியிருக்கிறவன் இன்னும் காலி பண்ணலடி! இருமல் நின்னா அவன் போயிட்டான்னு எவ சொன்னா?”

சந்திரமதி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஓரகத்தி வசந்தகோகிலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போய் ஒரு மாதம் தங்கப் போகிறாள். காசநோய் மாத்திரைக்கு அன்றோடு தலைமுழுக்கு.

“பொறாமைல பேசாதீங்கக்கா.”

அது பொய்யில்லை. இந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்த சந்திரமதி, இளையவள் வந்த நாளிலிருந்தே வயிறெரிந்தவள். அவள் நிறத்துக்கு எரிந்தாள், முடிக்கு எரிந்தாள், பாசிர் ரிஸ் வீட்டுக்கு வரும் கடல்காற்றுக்கும் எரிந்தாள். சந்திரமதியின் புருஷன் அழகப்பன் ஜூரோங் கப்பல் பட்டறையில் மாடாய் உழைத்து நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் தம்பி, இளையவளின் புருஷன் ரத்னவேலோ இன்றும் கல்லுக்குண்டாய் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். சந்திரமதி லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவியே கை வெளுத்தவள். வசந்தகோகிலத்தின் கையில் வளையல் கலகலக்கும்.

கடைசியில் அவளுக்கு வந்த நோயின் மேலும் பொறாமை வந்தது. கிளினிக்கில் நர்ஸ் ஹஸீனா மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பாமல் தினமும் தன் கண்ணெதிரே முழுங்க வைத்து, “சாப்ட்டீங்களா ஆண்ட்டி? தூங்குனீங்களா?” என்று கேட்பாள்.

“எனக்குப் பிரஷர் வந்தப்ப எந்த நாய் கேட்டுச்சு?” என்று முணுமுணுப்பாள் சந்திரமதி. ஆனாலும் ஜூரோங்கிலிருந்து ரயிலேறித் துணைக்கு வந்துவிடுவாள். அந்த விசாரிப்பில் ஒரு சொட்டு தன் மேலும் தெறிக்காதா என்ற நப்பாசை.

“இருமல்தான் போச்சே, இன்னும் எதுக்கும்மா மருந்து?” என்று ஒருநாள் சந்திரமதிதான் கேட்டாள்.

“நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு கிருமியைப் பிடிச்சு, ஒரு பைக்குள்ள போட்டு முழுங்கிடும் ஆண்ட்டி. அந்தப் பையைக் கொண்டுபோய் அமிலம் இருக்கிற பையோட சேர்த்தாத்தான் கிருமி செரிச்சுச் சாகும். இந்தக் கிருமி சேரவே விடாது. வழியிலேயே நிறுத்திடும். அணு தனக்குன்னு வரவழைக்கிற சத்தைத் தின்னுட்டு உள்ளேயே பெருகும். சிலது சத்தமில்லாமத் தூங்கும். அதையெல்லாம் கொல்ல மாசக்கணக்காகும். பாதியில விட்டா, மிஞ்சினது மருந்துக்கே அடங்காது.”

“அட பாவி! போலீஸ் வண்டியில ஏத்துனா டிரைவரை மடக்கிட்டு, போலீஸ்காரன் சோத்தையே திங்கிறான்லா!”

ஹஸீனா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நேரம் வசந்தகோகிலம் போனில் கல்யாணச் சேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அதையெல்லாம் எடுத்துச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

“அண்ணி, கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடலங்கிறதுக்காக இவளை இப்படிப் பயமுறுத்தணுமா?” என்றார் ரத்னவேல்.

சந்திரமதிக்குச் சுருக்கென்று தைத்தது. கூப்பிடாததும் உண்மை, அது வலித்ததும் உண்மை.

“ஆமா தம்பி, பொறாமைதான். உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பொறாமை. ஆனா இவ செத்துத் தொலைஞ்சா நான் யாரைப் பாத்துப் பொறாமைப்படுறது? எனக்கு வேற எவ இருக்கா?”

வசந்தகோகிலம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள்.

“நாளைக்குக் கிளினிக்குக்குச் சீக்கிரம் வந்துடுங்கக்கா,” என்றாள்.

ரத்னவேல் மட்டும் விமானம் ஏறினார். கல்யாணத்தன்று மாத்திரையை முழுங்கிவிட்டு, முகூர்த்தத்தைப் போனில் பார்க்க உட்கார வேண்டுமே என்று வசந்தகோகிலத்தின் முகம் நாட்கணக்காய்த் தொங்கிக் கிடந்தது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கல்யாணத்துக்கு முந்தின நாளே சந்திரமதி சிராங்கூன் ரோட்டில் ஒரு சேலை எடுத்து வைத்திருந்தாள். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. வசந்தகோகிலத்துக்கு எடுபடவே எடுபடாது என்று தெரிந்தேதான் எடுத்தாள்.

பாழாய்ப்போனவள், மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி வந்து நின்றாள். சந்திரமதிக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. சேலை விலை நாற்பத்தெட்டு வெள்ளி.