வாய் நிறையத் தண்ணீர்

கோவர்த்தனன் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீரை வாங்கிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்காருகிறார். விழுங்க மாட்டார், துப்பவும் மாட்டார். பாட்டு முடிகிறவரை அது வாயிலேயே இருக்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் பல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பல்வலி இல்லை. கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் பல வருஷமாக வாசிக்கிறவர் அவர். பல்லவி முடிந்து சரணம் தொடங்குகிற இடத்தில் டிரம்ஸ்காரர் தடதடவென்று ஓர் உருட்டு உருட்டுவார் இல்லையா, அதில் புத்தூர் வட்டாரத்தில் இவரை அடிக்க ஆளில்லை. உருட்டும்போது வாயும் கூடவே 'தடுதடு தடுதடு தாம்' என்று சொல்லிக்கொண்டு போகும். "நம்ம கைக்கு வாய்தான் சார் மோட்டாரு. வாய அடைச்சிட்டா கை கம்முனு கெடக்கும்," என்பது அவருடைய விளக்கம். தண்ணீர் அதற்குத்தான்.

பகலில் புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைக் சீட்டுக்குக் கவர் தைத்துப் போடுகிறார். புதுக் கவரை மாட்டியதும் இரண்டு கையாலும் அதில் ஒரு தாளம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவார். சத்தம் பிடிக்கவில்லையென்றால் கழற்றி, மறுபடி இழுத்து மாட்டுவார். வண்டிக்காரர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். சப்பாத்திக் கட்டையை இவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருப்பதாக மனைவி ரோஹிணி சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். பரண்மேல் இருந்த கட்டையைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயிலேறித் திருப்பதிக்குப் போய்விடுகிறார். அங்கே ஒரு டயர் கடை மாடியில் நால்வர் கூடி ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் சீண்டாத சில ஹிப்-ஹாப் ஆட்கள், பழைய இசைத்தட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே மூச்சுவிடாமல் பேசிப் பாடுவார்களாம். இவர்கள் அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டு, அடியில் ஓடுகிற தாளத்தை மட்டும் டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு என்று ஃபங்க் பாணியில் நேராக வாசிக்கிறார்கள். பாட்டு என்று பெயர், ஒரு வார்த்தை கிடையாது. கேட்கிறவனுக்கு இடுப்பு தானாக அசைகிறது. எனக்கே அசைந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ் கிட்டார் வாசிக்கிற ஹரிதாதான் தலைமை. காலேஜில் கணக்கு மேடம். "மிஷின் மாதிரி ஒரே சீரா ஓடணும் அண்ணா, ஆனா மனுஷங்க வாசிக்கிறாங்கன்னு தெரியணும். அந்தே, அவ்ளோதான்," என்பார். கேட்க எளிதுதான். உருட்டியே பேர் வாங்கிய மனிதரைப் பிடித்து, அதே துண்டை மாற்றாமல் கூட்டாமல் வாசித்துக்கொண்டே இரு என்றால் கை என்ன பாடுபடும்?

சந்திரகிரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடந்த முதல் கச்சேரியில் கை பாடுபட்டுத் தோற்றது. தண்ணீர் வித்தை அப்போது கிடையாது. கூட்டம் தலையாட்டுவதைப் பார்த்ததும் மனிதருக்குத் தாங்கவில்லை, உருட்டிவிட்டார். கீபோர்டு யஸ்வந்தும் அதே ஆர்க்கெஸ்ட்ரா ஆள். உருட்டல் காதில் விழுந்ததும் சரணம் வந்துவிட்டது என்று பழக்கதோஷத்தில் எங்கேயோ தாவிவிட்டார். இந்தப் பாட்டில் சரணமே கிடையாது. ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பாட்டு நடுவழியில் நின்றுபோனது. ஹரிதா கோபப்படவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் டிரம்ஸை லேப்டாப்பிலேயே ஓடவிட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் சீட்டில் தாளம் தட்டாமலே வண்டிகளை அனுப்பினார் கோவர்த்தனன். "ஆர்க்கெஸ்ட்ரால நான் வாசிக்கச்சொல்ல ஜனங்க துன்னுகினு கீறாங்க சார். இங்க என் மூஞ்சியப் பாத்துகினு ஒக்காந்துகீறாங்க. இத வுட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றார். கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. முகம் தெரியாத அந்த லேப்டாப்பின்மேல் கோபம்கூட வந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடித்ததுதான் இந்தத் தண்ணீர்.

போன மாதம் திருப்பதியில் ஒரு சின்ன அரங்கத்தில் சாயங்காலக் கச்சேரி. நானும் போயிருந்தேன். கடைசிப் பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பேஸ், கிட்டார், கீபோர்டு மூன்றும் ஒரே நொடியில் ஊமையாகிவிட்டன. டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு? அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்க்கெஸ்ட்ராவில் இப்படி ஆனால் டிரம்ஸ்காரருக்குக் கொண்டாட்டம்தான். ஜெனரேட்டர் வருகிறவரை இஷ்டத்துக்கு உருட்டிக் கைதட்டல் வாங்குவார். இங்கேயும் பின்வரிசையில் அதற்காகவே விசில் கிளம்பியது. செல்போன் வெளிச்சங்கள் எல்லாம் அவர் முகத்தின்மேல் விழுந்தன. போச்சு, மனிதர் இப்போது தண்ணீரை விழுங்கிவிட்டு உருட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உருட்டல் வரவில்லை. அதே துண்டு வந்தது. மறுபடி அதே துண்டு. விசில் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் யாரோ தொடையில் தட்டத் தொடங்க, பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் என் கையும் தட்டிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு எரிந்ததும் யஸ்வந்தும் கிட்டார்காரரும் எங்கே விட்டார்களோ அங்கேயே வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஹரிதா மட்டும் உடனே வாசிக்கவில்லை. கம்பிமேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் டிரம்ஸையே கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். பாட்டு முடிகிற இடம் நெருங்கியபோது கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கோவர்த்தனனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். 'உருட்டுங்க அண்ணா' என்று வாயை அசைத்தார்.

கோவர்த்தனன் கையை மாற்றாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டலும் தாளத்திலேயே இருந்தது.