இரண்டாம் பிரிவுக்குப் போட்ட குலவை

என் மகன் பதினெட்டு வருடம் எங்கள் ஊருக்காகக் கபடி ஆடியவன். அதில் ஒரு ஆட்டத்தைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. போட்டியெல்லாம் பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு, வெளியூரில். ஆம்பிளைகள் மட்டும் குட்டியானை வண்டியில் ஏறிப் போவார்கள். நாங்கள் அடுப்பைப் பற்றவைப்போம். சோற்றை வடித்துக் குழம்பை இறக்குவதற்குள் வண்டி திரும்பிவிடும். முதல் ஆட்டத்திலேயே தோற்ற பிறகு அங்கே என்ன வேலை? கபடிக்குப் போகிறவர்களுக்கு எங்கள் ஊரில் சோறு ஆறியதே இல்லை என்று பெண்கள் நாங்கள் சிரித்துக்கொள்வோம். சிரிப்போமே தவிர, மகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்காரும்போது எனக்கு அந்தச் சிரிப்பு வராது.

எங்களுடையது திருச்சுழிப் பக்கத்து மானாவாரி ஊர். மழை பெய்தால் பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோம். மீசை முளைத்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். கபடிக்கு ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரைத் திரட்டுவதற்குள்ளேயே என் மகனுக்கு மூச்சு வாங்கிவிடும். அவன் அருப்புக்கோட்டையில் தறிக்குப் போகிறவன். சாயங்காலம் வந்து, வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் கோடு கிழித்து, கிடைத்த ஆட்களோடு ஆடிப் பழகுவான். மெயின் ரோட்டு ஊர்க்காரர்கள் அப்படியா? ஆட்டம் சொல்லிக்கொடுக்கத் தனி ஆள் உண்டு. மாற்று ஆட்களே ஏழு பேர் இருப்பார்கள். அவர்களோடு மோதினால் எங்கள் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

போன பங்குனியில் பந்தல்குடிப் பக்கத்து ஊரில் கோயில் பொங்கலுக்குக் கபடி வைத்தார்கள். மகன் செல்போனில் வந்த நோட்டீசை எங்களுக்கு வாசித்துக் காட்டினான். அந்த வருடம் ரெண்டு பிரிவு. பலமான ஊர்களெல்லாம் முதல் பிரிவு. ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில். வருடா வருடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப் போகிற எங்களைப் போன்ற ஊர்களெல்லாம் இரண்டாம் பிரிவு; பகலில், வெயிலில். இரண்டாம் பிரிவில் ஜெயிக்கிற ஊர் அடுத்த வருடம் முதல் பிரிவில் ஆடலாம்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து எழுந்தே விட்டார்.

"ரெண்டாம் பிரிவா? நம்ம ஊரையா? அதுக்கு நீங்க ஏழு பேரும் சேலையக் கட்டிட்டுப் போங்கலே!"

"சேலை கட்டுனவதான் இந்த வீட்டுக்கு விறகு வெட்டிப் போடுறா," என்றேன். "அதுல என்ன கேவலத்தக் கண்டீக?"

"உனக்கு என்ன தெரியும்? எங்க காலத்துல பிரிவாவது ஒண்ணாவது. எல்லா ஊரோடயும் மோதி கடைசி ஆட்டம் வரைக்கும் போனோம்."

போனார்கள், உண்மைதான். கடைசி ஆட்டத்தில் தோற்று, இரண்டாம் பரிசாக ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்தார்கள். அந்தக் குடம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. குழாயில் தண்ணீர் வராமல் ஊரே தவிக்கிற நாளில்கூட அதை எடுக்க விடமாட்டார். "கழுத்து நசுங்கிரும்" என்பார்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டாம் பரிசா வந்த குடத்தச் சாமி மாதிரி மேல ஏத்தி வச்சிருக்கீக. ரெண்டாம் பிரிவுன்னா மட்டும் கசக்குதோ?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டைப் பத்திக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விட்டார்.

மகன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. வலது முழங்கால் வீங்கி வீங்கி வடிகிறது. இதுதான் கடைசி வருடம் என்று முன்பே சொல்லியிருந்தான். பதினெட்டு வருடத்தில் ஒரு ஆட்டம் ஜெயித்ததில்லை. ஒன்றே ஒன்று ஜெயித்துவிட்டு நிறுத்தினால் போதும் என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை.

"அப்பா சொல்றதும் சரிதானத்தா. வெயில்ல ஆட விடுறாகன்னா நம்மள மட்டமா நினைக்கத்தான செய்யிறாக?"

"ஏய்யா, வெயில் நமக்கு என்ன புதுசா? பொறந்ததுல இருந்து அதுலதான கிடக்கோம். போய் ஆடு. பகல் ஆட்டம்னா நானும் வருவேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீயா?"

"நான்தான். உன் பெண்டாட்டியும் வருவா."

ஒரு வண்டியில் ஆட்டக்காரர்களும் இன்னொரு வண்டியில் நாங்கள் பன்னிரண்டு பெண்களும் போனோம். பந்தல் நிழலை விழாக்காரர்கள் பிடித்துக்கொள்ள, நாங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தோம். செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்த களம். பக்கத்தில் இருந்த வேற்றூர்க்காரி ஒருத்தி, "நீங்க முதப் பிரிவா?" என்று கேட்டாள். "ரெண்டாம் பிரிவு" என்றேன். "நாங்களும்தேன்," என்று சிரித்து வெற்றிலையை நீட்டினாள்.

ஆட்டம் எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. மருமகள்தான் காதோடு சொன்னாள்: எதிராளி பக்கம் போகிறவன் "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாட வேண்டும், ஆளைத் தொட்டுவிட்டுப் பாட்டு நிற்காமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் ஆட்டம் பாதி போயிருக்கும். என் மகன் பாடிப் போனான். வீட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவன், அங்கே பாம்பு மாதிரி வளைந்தான். ஒரே எட்டில் ரெண்டு பேரைத் தொட்டான். எனக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துப்போனது. எங்கள் ஊர் முளைப்பாரிக்கு முதல் குலவை என்னுடையது. என்னை அறியாமல் நாக்குச் சுழன்றுவிட்டது. நான் போட்டால் மற்றவர்கள் விடுவார்களா? பன்னிரண்டு பேரும் சேர்ந்து போட்டோம்.

விசில் ஊதிவிட்டார்கள். நடுவர் என் மகனைப் பார்த்து வெளியே போ என்று கை காட்டினார். குலவைச் சத்தத்தில் அவன் பாட்டு நடுவருக்குக் கேட்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டான் என்று அவுட் கொடுத்துவிட்டார். ரெண்டு புள்ளி வர வேண்டிய இடத்தில் எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விட்டது.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் வேறு, "தாய்மார்களே, குலவைய வீரர் வீடு திரும்புன பின்னாடி போடுங்க தாயி. போற வழியிலேயே வழியனுப்பிராதீக!" என்றார். கூட்டமே சிரித்தது. நான் மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. பதினெட்டு வருடம் கழித்துப் பார்க்க வந்து, பிள்ளையின் வாயைப் பெற்றவளே அடைத்துவிட்டேன்.

ஆனாலும் அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். தண்ணீர் குடிக்க வந்தவன், "ஆத்தா, நீ எந்த ஊரு ஆளு? அதச் சொல்லு, பெறகு ஆடுறேன்" என்றான். சிரிக்கிறான், கண்ணெல்லாம் தண்ணீராய் இருக்கிறது. அவன் கேட்ட அந்த ஒரு ஜெயம் கிடைத்துவிட்டதல்லவா?

அது ஒன்றோடு நிற்கவில்லை. அடுத்ததும் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் வரும்போது மணி நாலு இருக்கும். வெளுத்த வெயிலில் எதிராளிகள் துவண்டார்கள். கரிமூட்டத்தில் நின்று பழகிய எங்கள் பிள்ளைகள் துவளவில்லை. இரண்டு பக்கமும் சமமான புள்ளி. கடைசிப் பாட்டு என் மகனுடையது. நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். மற்ற பெண்களையும் முறைத்தேன். எவளாவது வாயைத் திறந்தால் அறைந்திருப்பேன்.

பன்னிரண்டு பேரும் வாயடைத்து உட்கார்ந்திருக்க, "கபடி கபடி கபடி" என்று அவன் குரல் மட்டும் கேட்டது. ஒருவனைத் தொட்டான். இரண்டு பேர் வந்து இடுப்பைப் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டே வந்தான். வீங்கிய காலை ஊன்றி விழுந்து, கையை நீட்டினான். விரல் கோட்டில் பட்டது. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விசில் ஊதி, எங்கள் பக்கம் கையைத் தூக்கி, பிறகு என்னைப் பார்த்து, "இப்பப் போடுங்க தாயி!" என்றார்.

போட்டேன். அப்படி ஒரு குலவையை எந்தக் கோயிலுக்கும் நான் போட்டதில்லை.

பொழுது இறங்கும் முன்பே ஊர் திரும்பிவிட்டோம். கண்மாய்க் கரையில் வண்டி ஏறியதில் இருந்து குலவையை நிறுத்தவில்லை. எங்கள் தெரு முனையில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் காலடியில் அந்த எவர்சில்வர் குடம், கழுத்து வரை தண்ணீரோடு. பரிசாக வாங்கி வந்த கப்பை அவர் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மகன் இறங்கியதும் சொம்பில் மோந்து நீட்டினார்.

"வெயில்ல ஆடுனவன் முதல்ல தண்ணியக் குடிலே."

மகன் குடித்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான். ஏழு பேரும் குடித்தும் குடத்தில் தண்ணீர் இருந்தது. அதற்குள் தெருவில் யாரோ கேட்டார்கள், "எந்தப் பிரிவுல ஜெயிச்சீக?"

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் மழுப்புவதற்குள் நானே சொன்னேன், தெரு முழுக்கக் கேட்கும்படி: "ரெண்டாம் பிரிவு. முதல் பரிசு."